விழுங்காத அசைகள்

அது எழுபத்திரண்டாம் வருஷமா எழுபத்து மூன்றா என்று என்னால் இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இலையுதிர் காலம் என்று நினைக்கிறேன். ஸ்டுடியோ முற்றத்து மரத்தின் ஈர இலைகள் எல்லாருடைய செருப்பிலும் ஒட்டிக்கொண்டு உள்ளே வந்த ஞாபகம். ஆனால் அந்த இலைகளை வேறொரு வருஷத்திலிருந்து எடுத்து நானே இங்கே ஒட்டிவிட்டேனோ என்னவோ. சரிபார்க்க எதுவும் மிச்சமில்லை. நான் எழுதியதெல்லாம் படம் முடிந்ததும் கழுவப்பட்டுவிடும். அதே பட்டையில் அடுத்த படத்தை எழுதுவேன்.

பாரிஸுக்கு ஒட்டினாற்போல, பூலோஞில், ஆற்றோரமாக இருந்த ஒரு டப்பிங் ஸ்டுடியோவில் எனக்கு வேலை. வெளிநாட்டுப் படங்களை அங்கே பிரெஞ்சு பேசவைப்போம். எங்கள் நாட்டில் டப்பிங் நடிகர் கையில் காகிதம் வைத்துக்கொண்டு பேசுவதில்லை. திரையில் படம் ஓடும். அதற்குக் கீழே, வலமிருந்து இடமாக, வசனம் எழுதிய நீண்ட பட்டை ஒன்று ஓடும். ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு. எந்த அசை அந்தக் கோட்டைத் தொடுகிறதோ அந்த அசையை நடிகர் அந்த நொடியில் சொல்ல வேண்டும். பட்டையைக் கையால் எழுதுவது என் தொழில். திரையில் இருப்பவரின் வாய் நீண்டு திறந்திருந்தால் எழுத்தை இழுத்து எழுதுவேன். வாய் அவசரப்பட்டால் எழுத்துகளை நெருக்கி அடைப்பேன். உதடு மூடும் இடத்தில் ஒரு சின்னக் கீற்று. ஒன்றும் பேசாத இடத்தில் பட்டை வெறுமையாக ஓடும்.

அந்த வெறுமைதான் எனக்குப் பிடித்தது. நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. மதிய இடைவேளையில் மற்றவர்கள் எதிர்க் கடைக்குக் குடிக்கப் போகும்போது என் மேசையில் உட்கார்ந்து ஏதாவது புத்தகம் படித்துக்கொண்டிருப்பேன். மௌனத்துக்கும் நீளம் உண்டு, அதைச் சரியாக விட்டுவைக்காவிட்டால் பக்கத்தில் இருக்கும் வார்த்தை செத்துப்போகும் என்பதை அந்த மேசையில்தான் தெரிந்துகொண்டேன்.

டப்பிங் நடிகை அர்மான்ட் பெய்ரூஸுக்கு அப்போது ஐம்பது தாண்டியிருந்தது. லிதியா ஸர்க்கானி என்ற இத்தாலிய நடிகை பிரெஞ்சில் வாய் திறந்தால் வருவது அர்மான்டின் குரல். லிதியா கன்னிப்பெண்ணாக நடித்த காலம் தொட்டு அப்படித்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. அர்மான்ட் ரொட்டிக் கடையில் நின்று, நன்றாக வெந்ததாக ஒன்று கொடுங்கள் என்று கேட்டால், வரிசையில் நிற்பவர்கள் திரும்பி லிதியாவைத் தேடுவார்கள். குட்டையான, தடித்த, சந்தைப் பை வைத்திருக்கும் ஒரு பெண்மணியைப் பார்த்து ஏமாந்துபோவார்கள். அர்மான்டுக்கு அதில் ஒரு சந்தோஷம்.

அந்த வருஷம் வசந்தத்தில் அவருக்குத் தொண்டையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. குரல் நாணில் ஏதோ கட்டி. கோடை முழுவதும் பேசக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். திரும்பி வந்தபோது குரல் இருந்தது, கொஞ்சம் கருத்திருந்தது. மூச்சுதான் முன்போல நீளவில்லை. லிதியாவின் புதுப் படத்தை வாங்கியிருந்த நிறுவனத்திலிருந்து தெல்வோ என்று ஒருவர் வந்து பின்வரிசையில் உட்கார ஆரம்பித்தார். அர்மான்ட் பேசி முடித்திருந்த ரீல்களைக் கேட்டார். முகம் சுளித்தார். கடைசிக் காட்சி பாக்கியிருந்தது: ரயில் நிலையத்தில் தாய் மகளிடம் விடைபெறும் காட்சி, தாயின் முகம் திரை முழுக்க. அது தேறினால் முழுப் படமும் அர்மான்டின் குரலிலேயே இருக்கும், தேறாவிட்டால் முதல் ரீலிலிருந்து வேறொருத்தி பேசுவாள் என்று சொல்லிவிட்டார்.

அந்த வேறொருத்தி வெளியே நடைவழியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். க்ளாரிஸ் என்று பெயர், வானொலியில் பேசுகிறவள். மதியத்துக்குமேல் தேவைப்படலாம் என்று தெல்வோ வரச் சொல்லியிருந்தார். அர்மான்ட் உள்ளே வரும்போது அவளைத் தாண்டித்தான் வர வேண்டியிருந்தது. லிதியாவின் குரல் கைவிட்டுப் போனால் அர்மான்டை இனி எந்த ஸ்டுடியோவும் கூப்பிடாது. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

தெல்வோ அன்றைக்குப் பச்சை டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். நாடகத்திலிருந்து வந்தவர்களுக்குப் பச்சை அபசகுனம், பார்த்தாலே சிலுவைக்குறி போடுவார்கள். வங்கி வேலையிலிருந்து வந்த தெல்வோவுக்கு அது எப்படித் தெரியும்? எங்கள் இயக்குநர் சோவஜோ அதைப் பார்த்துவிட்டுச் சிகரெட்டை அணைத்தார், உடனே இன்னொன்று பற்றவைத்தார்.

“அர்மான்ட், தொண்டை எப்படி இருக்கு?”

“தொண்டை என் கழுத்துலதான் இருக்கு. நீ ஓட்டு.”

படத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் வளையமாக ஒட்டி, சரியாக வரும்வரை திரும்பத் திரும்ப ஓட்டுவது எங்கள் வழக்கம். அந்தத் துண்டில் தாய்க்கு மூன்றே வரி. அவர்கள் மறந்துவிடுவார்கள். ஒரு நாள் நீ கேட்பாய். நாம் மறுபடி தொடங்குவோம். மூன்றும் வருங்கால வினைச்சொல்லில் முடிகிறவை.

பிரெஞ்சில் இப்படிப்பட்ட வினைச்சொற்களின் நடுவில் ஒரு சின்ன உயிரொலி இருக்கும். எழுத்தில் இருக்கும், பாரிஸ்காரர் வாயில் இருக்காது. ‘நீ கேட்பாய்’ என்பதற்கு எழுத்துப்படி தெ-மாந்-தெ-ரா என்று நாலு அசை. பாரிஸில் அது ‘த்மாந்த்ரா’ என்று இரண்டாகச் சுருங்கிப் போகும். ‘மறுபடி தொடங்குவோம்’ என்பது ரெ-கொ-மான்-ஸெ-ரோன். அதை ‘ர்கொமான்ஸ்ரோன்’ என்று ஒரே வாயில் துப்பிவிடுவார்கள். தெற்கில் அப்படி இல்லை. அங்கே ஒவ்வொரு அசையும் தனியாக இறங்கி நடந்து போகும்.

பிரெஞ்சு வசனம் எழுதியவர் கெரினோ. பாரிஸில் பிறந்து, பாரிஸை விட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே போகிற மனிதர். எழுதும்போது எல்லா வசனத்தையும் தன் வாயாலேயே சொல்லிப் பார்ப்பார். ஆகவே எங்கள் படங்களில் சமையல்காரி, ராணி, திருடன் எல்லாரும் கெரினோவின் வேகத்தில்தான் வினைச்சொல்லை விழுங்கினார்கள். நானும் அவர் கொடுத்தபடி நெருக்கித்தான் எழுதியிருந்தேன். பட்டை எழுதுவதற்காக முன்பே வந்திருந்த வேலைப் பிரதியில் லிதியாவின் வாயும் அந்த வேகத்தில்தான் ஓடியது. அந்தக் கடைசி ரீலுக்கு முடிவான பிரதி முந்தின நாள்தான் ரோமிலிருந்து வந்து சேர்ந்திருந்தது. வசனத்தில் மாற்றம் இல்லை என்று கூட வந்த காகிதம் சொன்னதால் அதையே நேராகப் போட்டார்கள்.

முதல் முறை ஓடியது.

“பின்னாடி வர்ற, அர்மான்ட்” என்றார் சோவஜோ. “பரவால்ல. சூடு ஏறட்டும்.”

இரண்டாவது முறையும் பின்னாடி. மூன்றாவது முறை, கடைசி வினைச்சொல் சிவப்புக் கோட்டைத் தாண்டி ஓடிப்போன பிறகும் அவர் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“ரயில் போயிடுச்சு மதாம்” என்றார் கெரினோ. “நீங்க இன்னும் டிக்கெட் ஜன்னல்லயே நிக்கிறீங்க.”

“உன் ரயில் காலியா ஓடுது கெரினோ, அதான் அவ்ளோ வேகம். என்னோடதுல ஆள் ஏறணும்.”

ஒலிப்பதிவு அறையில் யாரோ சிரித்தார்கள். பின்வரிசையில் தெல்வோ கால்மேல் கால் மாற்றிப் போட்டார். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

நாலாவது முறை பட்டையோடு சேர்ந்து போக அர்மான்ட் முயன்றார். வினைச்சொற்களை விழுங்கினார். நடுவில் மூச்சு சிக்கிக்கொண்டது. இருமினார். கழுத்தைச் சுற்றியிருந்த துணியைத் தளர்த்திக்கொண்டு, திரையில் உறைந்து நின்ற லிதியாவின் முகத்தைப் பார்த்தபடியே நின்றார்.

“பட்டை முடிஞ்ச பிறகும் அவ வாய் ஆடிட்டிருக்கு” என்றார்.

“யார் வாய்?” என்றார் கெரினோ.

“லிதியா வாய்தான். உன் வாய் ஆடுறதுதான் ஊருக்கே தெரியுமே.”

“மதாம், பட்டை வாயைப் பார்த்து எழுதினது. உதடு மூடுற ஒவ்வொரு இடமும் குறிச்சிருக்கு. பட்டை தப்பாது.”

“நான் பட்டையச் சொல்லல. வாயைச் சொல்றேன்.”

சோவஜோ கையை உயர்த்தினார். காபிக்கு நிறுத்தச் சொன்னார். இடைவேளைக்குள் வினைச்சொற்களைச் சுருக்கி எழுதித் தரும்படி கெரினோவிடம் சொன்னார். கெரினோ என் மேசை ஓரத்தில் குந்திக்கொண்டு பென்சிலைக் கடித்தார். வருங்காலத்தை எடுத்துவிட்டுக் குட்டையான வினைகளைப் போட்டார். நீ கேட்பாய் என்பது ‘நீ கேளு’ ஆனது. மறுபடி தொடங்குவோம் என்பது ‘பார்க்கலாம்’ ஆனது. நான் பழைய பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, புதியதை வேறொரு துண்டில் எழுதினேன். எழுதும்போதே அது பிடிக்கவில்லை. மகளை ரயிலேற்றிவிடும் தாய் யாராவது ‘பார்க்கலாம்’ என்று சொல்வாளா? ஆனால் அதைச் சொல்வது என் வேலை இல்லை, அல்லது அப்படி நினைத்துக்கொண்டு நான் சும்மா இருந்துவிடுகிறவன்.

அர்மான்ட் கையில் காபியோடு வந்து என் பக்கத்தில் நின்றார்.

“ஃபிர்மான், நீ எந்த ஊர்?”

“ட்ருவா பக்கம், மதாம்.”

“வடக்கு. அப்ப நீயும் விழுங்குறவன்தான்.” காபியை ஆற்றினார். “நான் மிரான்ட்காரி, தெற்கு. வாத்து, கோதுமை, மலை. அவ்ளோதான் எங்க ஊர். பதினெட்டு வயசுல இங்க வந்தேன். முதல் வேஷம் என்ன தெரியுமா? மீன்காரி. ரெண்டாவது சமையக்காரி. மூணாவது, மாடிப்படியில விழுற வேலைக்காரி. நான் வாயத் தொறந்தாலே சிரிப்பாங்க. காதலிக்கணும்னா, சாகணும்னா, பாரிஸ் வாய் வேணும்னுட்டாங்க. பல்லுக்கு நடுவுல கார்க்கைக் கடிச்சுக்கிட்டு ரெண்டு வருஷம் பழகினேன். எங்கம்மா போன்ல யாரு பேசுறதுன்னு கேட்டா.”

நான் எழுதுவதை நிறுத்தினேன். பேனாவிலிருந்து ஒரு சொட்டு மை கீழே விழுவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“இப்ப விழுங்க முடியல ஃபிர்மான். டாக்டர் அங்க எதையோ வெட்டி எடுத்துட்டார். விழுங்கினா மூச்சு அடைக்குது. ஒவ்வொண்ணா சொன்னாத்தான் மூச்சு வருது.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “இதை வெளிய உக்காந்திருக்கே அந்தப் பொண்ணு கேட்டா சந்தோஷப்படும்.”

“அவங்க அப்படித் தெரியல மதாம். உங்களைப் பார்த்ததும் எழுந்து நின்னாங்க.”

“நின்னாளா?”

“ஆமா.”

“அப்ப இன்னும் மோசம்” என்றார்.

காபிக்குப் பிறகு சுருக்கிய வசனத்தை ஓட்டினார்கள். பட்டையோடு ஒத்துப்போயிற்று. சிவப்புக் கோட்டில் ஒவ்வொரு எழுத்தும் தொட்ட இடத்திலேயே அர்மான்ட் சொன்னார். குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. அறையில் யாரும் எதுவும் பேசவில்லை. அந்த மௌனம் எனக்குத் தெரிந்த வகை. யாராவது ஒருவர் செத்துப்போனதை முதலில் சொல்ல யாரும் விரும்பாத மௌனம்.

“சரியா வந்துச்சு” என்றார் சோவஜோ கடைசியில். அவரே அதை நம்பவில்லை.

“சரியா வந்து என்ன?” என்றார் தெல்வோ. அன்றைக்கு முதல்முறையாக அவர் வாய் திறந்தார். “டிக்கெட் குடுக்கிறவ மாதிரி இருக்கு. படமே இந்தக் காட்சிக்காகத்தான் வாங்கினோம். மொஸ்யே சோவஜோ, நான் யாரையும் அவமானப்படுத்த வரல. மதாம் களைச்சுப் போயிருக்காங்க. அந்தப் பொண்ணைக் கூப்பிடுங்க.”

கெரினோ கூடத் தலையைக் குனிந்துகொண்டார். கிண்டல் செய்கிறவர்தான், ஆனாலும் பதினைந்து வருஷமாக அவர் எழுதியதை இந்தக் குரல்தான் சொல்லிவந்திருக்கிறது.

அர்மான்ட் மைக்கை விட்டு நகரவில்லை.

“ஒரு தடவை” என்றார். “பழைய வசனம். பட்டையை அணைச்சிடுங்க.”

“என்னது?”

“பட்டை வேணாம். அவ முகம் மட்டும் போதும்.”

எங்கள் தொழிலில் அப்படி ஒருவர் கேட்டு நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. பட்டையில்லாமல் டப்பிங் செய்வதென்றால், சோவஜோ அப்போது சொன்னதுபோல, இருட்டில் ஓடிக்கொண்டே ஊசி கோப்பது.

“பைத்தியமா உனக்கு? ரெண்டாவது வரியிலேயே தடுமாறிடுவ.”

“தடுமாறினா அந்தப் பொண்ணு வெளியத்தானே இருக்கு? நாற்காலியிலருந்து எழுந்து வர எவ்ளோ நேரம் ஆகும்?”

சோவஜோ தெல்வோவைத் திரும்பிப் பார்த்தார். தெல்வோ கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தோளைக் குலுக்கினார். “சொல்லிட்டுப் போகட்டும். அப்புறம் சாப்பிடப் போவோம்.”

‘நல்லபடியா வரட்டும்’ என்று நடிப்புத் தொழிலில் இருப்பவர்கள் ஒருநாளும் சொல்ல மாட்டார்கள். அதற்குப் பதிலாகச் சொல்ல ஒரு கெட்ட வார்த்தை உண்டு. அதைக் கெரினோ உரக்கச் சொன்னார், மனதாரச் சொன்னார். அர்மான்ட் நன்றி சொல்லவில்லை, சொன்னால் பலிக்காது.

பட்டையின் விளக்கு அணைந்தது.

இதை எப்படிச் சொல்வது? திரைக்குக் கீழே எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் அந்த வெளிச்சக் கீற்று இல்லாமல் நான் அந்த அறையைப் பார்த்ததே இல்லை. கண்ணுக்குப் போக இடமில்லாமல் போயிற்று. எல்லோருடைய கண்ணும், என் கண்ணும், மேலே ஏறி, லிதியாவின் முகத்தில் போய் நின்றது. வருஷக்கணக்காக நாங்கள் அந்த முகத்துக்குக் கீழே எழுதியதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

நீராவி. ரயில் பெட்டியின் ஜன்னல். லிதியா மூச்சை இழுத்தார். அதே நொடியில் அறைக்குள் அர்மான்ட் மூச்சை இழுத்தார்.

அவர்கள் மறந்துவிடுவார்கள் என்றார். அது சாதாரணமாகத்தான் வந்தது. அந்த வினைச்சொல்லின் நடுவில் எழுதியிருக்கும் எழுத்தை எங்கள் நாட்டில் வடக்கிலும் சொல்வதில்லை, தெற்கிலும் சொல்வதில்லை. பிறகு ஒரு மௌனம். நான் பட்டையில் விட்டிருந்த வெறுமையைவிட அது நீளம். லிதியாவின் உதடுகள் ஒட்டியிருந்தன. அர்மான்ட் காத்திருந்தார். பக்கத்தில் சோவஜோவின் கை அவரறியாமல் சைகைக்காக உயர்ந்தது, உயர்ந்து பாதியில் நின்றது.

ஒரு நாள் நீ கேட்பாய். தெ. மாந். தெ. ரா.

நாலு அசையும் தனித்தனியாக, படிக்கட்டில் இறங்குவதுபோல இறங்கின. லிதியா இத்தாலிய மொழியில் அங்கே சொல்வது ‘தோமாந்தெராய்’. அதிலும் நாலு. இரண்டாவது அசையில் அவர் உதடு மூடியபோது அர்மான்டின் உதடும் மூடியது. விழுங்குவதற்கு என்று ஒன்றும் மிஞ்சவில்லை. வாய்க்கு வெளியே தொங்கிக்கொண்டும் ஒன்றும் இல்லை.

கடைசி வரிக்கு அவர் குரலை ஏற்றவில்லை, இறக்கவும் இல்லை. ரெ-கொ-மாங்-ஸெ-ரோங் என்றார். கடைசி அசைக்குப் பின்னால் அவர் ஊர்க்காரர்கள் வைக்கும் அந்தச் சின்ன மணியொலியோடு. அந்த வார்த்தையை நான் எத்தனையோ படங்களுக்கு எழுதியிருக்கிறேன். அது ஒரு வாக்குறுதி என்று அன்றைக்குத்தான் எனக்குக் கேட்டது. ஒவ்வொரு அசையிலும் ஒரு கல் எடுத்து வைத்து ஒரு பெண் வீடு கட்டிக்கொண்டிருந்தாள்.

லிதியாவின் வாய் மூடியது. குரல் நின்றது. வளையம் திரும்பவும் தொடக்கத்துக்கு ஓடிப்போயிற்று. யாரும் நிறுத்தச் சொல்லாததால் அந்த முகம் குரலில்லாமல் மறுபடியும் அந்த மூன்று வரிகளைச் சொல்லிமுடித்தது.

முதலில் பேசியவர் கெரினோ. “பழைய பட்டையப் போடுங்க” என்றார். “பதிவானதையும் கூட ஓட்டுங்க. ரெண்டையும் சேர்த்துப் பார்க்கணும்.”

ஓட்டினார்கள். அர்மான்டின் குரல் லிதியாவின் வாயோடு ஒட்டிக்கொண்டு போயிற்று. கீழே என் பட்டை இரண்டாவது வரியிலிருந்தே முன்னால் ஓடிவிட்டது. முகம் இன்னும் பேசிக்கொண்டிருக்கும்போதே பட்டையில் வசனம் முடிந்து வெறுமை ஓடியது.

“இது அந்த டேக்கே இல்ல” என்றார் கெரினோ. திரைக்குப் பக்கத்தில் போய் நின்று விரலால் காட்டினார். “பாருங்க, வேலைப் பிரதியில இந்த முடிக்கற்றை கண்ணு மேல விழுந்திருக்கும். இதுல இல்ல. ரோம்ல வேற டேக்க வச்சிட்டாங்க! அதே வசனம், அதே சட்டகம். ஆனா இதுல இந்தம்மா நிதானமா பேசுது. காலையிலருந்து தப்பா ஓடினது பட்டை. நாம எல்லாரும் உக்காந்து மதாமைப் பின்னாடி வர்றாங்கன்னு திட்டிட்டிருந்தோம்!”

“நான் சொன்னேன்ல” என்றார் அர்மான்ட். “வாய் ஆடிட்டிருக்குன்னு.”

“சொன்னீங்க மதாம். நான் கழுதை.”

“அதை இன்னிக்குத்தான் கண்டுபிடிச்சியா?”

சோவஜோ வாய்விட்டுச் சிரித்தார். ஒலிப்பதிவு அறையில் கண்ணாடியைத் தட்டினார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். தெல்வோ மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து முன்னால் வந்தார்.

“வாயோட ஒத்துப்போகுது, சரி. ஒத்துக்கிறேன். ஆனா மதாம், இது தெற்கத்திப் பேச்சு. படம் வடக்குல, லீல்ல ஓடணும், ஸ்த்ராஸ்பூர்ல ஓடணும். தாய் அழவைக்கிற இடத்துல மீன்காரி மாதிரி பேசினா ஜனங்க சிரிப்பாங்க.”

சிரிப்பு நின்றது. அர்மான்ட் மைக்குக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். அவர் தலை தெல்வோவின் டைக்கு நேராக இருந்தது. அந்தப் பச்சையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு முகத்தை நிமிர்த்தினார்.

“நீங்க எந்த ஊரு மொஸ்யே?”

“ரூபே.”

“வடக்குக்கோடி. நீங்க சிரிச்சீங்களா?”

அதற்குப் பின் வந்த மௌனம் எவ்வளவு நீளம் என்று என்னைக் கேட்டால் பட்டையில் எழுதிக் காட்டுவேன். வாயால் சொல்லத் தெரியாது. தெல்வோ கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைத்தார். துடைக்க வேண்டியது கண்ணாடி இல்லை என்பது அருகில் நின்ற எங்களுக்குத் தெரிந்தது.

“இல்ல” என்றார்.

கதவருகில் கைதட்டல் கேட்டது. க்ளாரிஸ். கதவு எப்போது திறந்ததோ தெரியவில்லை, உள்ளே ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்று தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு வெட்கப்பட்டு நிறுத்திவிட்டு, “மன்னிச்சிடுங்க, நான் கிளம்பட்டுமா?” என்று தெல்வோவைக் கேட்டாள்.

“கிளம்பும்மா” என்றார் தெல்வோ. “வண்டிச் செலவ ஆபீஸ்ல வாங்கிக்கோ.” பிறகு சோவஜோவிடம், “அப்ப முடிஞ்சுதுன்னு வச்சுக்கலாமா?” என்றார்.

“முடியல” என்றார் அர்மான்ட்.

எல்லோரும் திரும்பினோம்.

“முதல் ரீல்லருந்து கடைசிக்கு முந்தின ரீல் வரைக்கும் அந்த அம்மா பாரிஸ்காரி. கடைசி ரீல்ல மட்டும் வேற ஊரா? ரயில் நிலையத்துக்கு வர்ற வழியில பொறந்த ஊர மாத்திக்கிட்டாளா? எல்லாத்தையும் திரும்ப இதே மாதிரி பேசுறேன். கெரினோ விழுங்கின வினைச்சொல்லையெல்லாம் வெளிய எடுத்துத் தரட்டும். ஃபிர்மான் அகலமா எழுதட்டும்.”

“மதாம், அதுக்கு இன்னும் ஒரு வாரம் ஸ்டுடியோ பிடிக்கணும்” என்றார் தெல்வோ.

“பிடிங்க.”

தெல்வோ சோவஜோவைப் பார்த்தார். சோவஜோ கூரையைப் பார்த்தார். கெரினோ பென்சிலை எடுத்துக் காதில் செருகிக்கொண்டு, “நான் இன்னிக்கே ஆரம்பிச்சிடுறேன்” என்றார். தெல்வோ நீண்ட மூச்சு விட்டார்.

“பிடிக்கிறேன்” என்றார்.

எதிர்க் கடையில் அன்றைக்கு ஆப்பிளோடு வதக்கிய ரத்த சாஸேஜ். நான் புத்தகத்தை மேசையிலேயே விட்டுவிட்டு அவர்களோடு போனேன். க்ளாரிஸையும் அர்மான்ட் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருந்தார். கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்க, அர்மான்ட் மேசையில் இருந்த எல்லோருக்குமாக, ஒரு அசையும் விழுங்காமல், மிரான்ட் சந்தையில் கேட்பதுபோல, உரக்கக் கேட்டார். பக்கத்து மேசைகளில் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். “சிவப்பு ஒயின் ரெண்டு குவளை சேர்த்துக் கொண்டா” என்றார் சோவஜோ. “இந்தம்மா பேசி முடிக்கிறதுக்குள்ள முதல் குவளை தீர்ந்துடும்.” அர்மான்ட்தான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார், மூச்சு வாங்க வாங்க.

படம் ஸ்த்ராஸ்பூரில் ஏழு வாரம் ஓடியது. அர்மான்ட் அதன்பிறகு லிதியா ஸர்க்கானியின் எல்லாப் படங்களையும் அந்தப் பேச்சிலேயே பேசினார். லிதியா நடிப்பதை நிறுத்திய பிறகு மிரான்டுக்குப் போய்த் தங்கையோடு இருந்து, எண்பத்தாறாம் வயதில் இறந்தார். தெல்வோ இன்னும் சில வருஷம் படங்கள் வாங்கிவிட்டுத் திரும்பவும் வங்கிக்கே போனார். க்ளாரிஸ் எங்கள் ஸ்டுடியோவில் சேர்ந்து ஓர் ஆங்கில நடிகையின் குரலாக நீண்டகாலம் இருந்தாள். சோவஜோ நுரையீரல் நோயில் போனார். கெரினோ ஓய்வு பெற்று ஆற்றங்கரையில் மீன் பிடிக்கிறார். எழுத்தையும் கணினி செய்ய ஆரம்பித்தபோது நான் வேலையை விட்டேன். ட்ருவாவில் இருக்கிறேன். படிக்கிறேன்.